முன்னால போன கடிகாரம்

செங்கொடி கீபோர்டை இடிச்ச இடியில மேசை மேல இருந்த பேனா உருண்டு விழுந்துச்சு.

காலேஜ் ஆன்லைன் பரிச்சைக்கான சர்வர்களை அப்கிரேட் பண்ணினது அவதான். முடிச்சதுலேருந்து, விடைகளை வாங்கி வைக்கிற சர்வரோட கடிகாரம் மட்டும் மத்ததை விடச் சில நொடி முன்னால ஓடுது. நாளன்னைக்குப் பரிச்சை. இப்படியே விட்டா, நேரத்துக்குள்ள எழுதி அனுப்பினவனுக்கும் நேரம் முடிஞ்சுட்டுன்னு சொல்லிரும்.

"கடிகாரத்தைப் பின்னால தள்ளி சரியா வைக்கேன் மிஸ். வச்ச உடனே டேட்டாபேஸ் படுத்துருது. எழுப்பி விட்டுத் திரும்ப வச்சா திரும்பப் படுக்குது."

"ஏன் படுக்குதாம்?" லேப் இன்சார்ஜ் பெனிலா மிஸ் கேட்டாங்க. அவங்களுக்கு நிறைமாசம்.

"மாதிரிப் பரிச்சையில பிள்ளைங்க இப்பத்தான் அனுப்பின விடையில பதிஞ்ச நேரம், கடிகாரத்தைப் பின்னால தள்ளினதும் இனிமேத்தான் வரப்போற நேரமா ஆயிருதாம். நம்ப மாட்டேங்குது. மூளையில்லாத மெஷின்."

"வா, கேன்டீன் வரைக்கும் நடப்போம்."

"வீடு எரியுது, உங்களுக்கு டீ கேக்குதா?"

"எனக்கில்ல. உள்ள இருக்கிற ஆளுக்கு."

கேன்டீன் மைதானத்துக்கு அந்தப் பக்கம். செங்கொடி விறுவிறுன்னு போனா. பாதி மைதானத்துல திரும்பிப் பாத்தா, மிஸ் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ரொம்பப் பின்னால வந்துக்கிட்டிருந்தாங்க.

"ஏட்டி, திரும்பி வந்து என்கூட நட."

"நடந்த தூரத்தை நான் எதுக்குத் திரும்ப நடக்கணும்? இங்கேருந்து மெல்லப் போறேன். நீங்க வந்து சேருங்க."

"சேந்துருவேனா?"

"நான் உங்களை விட மெல்ல நடந்தா, சேராம எங்க போவீங்க?"

வாய்தான் வெடுக்குன்னு பேசிச்சு. கால் அடிமேல் அடி வச்சுது. கேன்டீன் வாசலுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாங்க.

மிஸ் அவ தோள்ல கைய ஊனிக்கிட்டாங்க. "உன் கையப் பிடிச்சுப் பின்னால இழுத்திருந்தா என்ன செய்திருப்ப?"

"அங்கேயே உக்காந்திருப்பேன். நகந்திருக்க மாட்டேன்."

சொல்லிட்டு அப்படியே நின்னா. அப்புறம் சர்வர் ரூமைப் பாத்து ஓடத் திரும்பினா.

"ஏட்டி, மெல்லப் போ," மிஸ் சொன்னாங்க. "அந்தக் கடிகாரத்துகிட்டயும் அதைத்தான சொல்லப் போற."