கப்பல் டிப்ஸும் நாலு நல்ல வார்த்தையும்

சொகுசுக் கப்பலுக்குச் சுற்றுலாக் கூட்டத்தை அழைத்து வந்த கனகசபாபதி, "ஊழியர்களுக்கு டிப்ஸ் நானே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று எல்லோரிடமும் பணம் வாங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டார். பயணிகள் சொல்லித்தான் அறைகளைத் துப்புரவு செய்யும் ரெமிஜியஸுக்கு இது தெரிந்தது. ஊழியர் யாருக்கும் ஒரு காசு வரவில்லை. கடல் கொந்தளித்தபோது இந்தக் கூட்டம் எடுத்த வாந்தியை அள்ளியவன் அவன்.

கடைசி நாள் விருந்தில் கனகசபாபதி அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மைக்கில் என்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசு. ஏதாவது குறை சொன்னே, கேப்டன்கிட்டச் சொல்லி உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்."

"குறை எதுக்கு சார்? புகழ்ந்தே பேசுறேன்" என்று ரெமிஜியஸ் மேடையேறினான்.

"சார் மாதிரி நாணயமான மனுஷனைப் பார்த்ததே இல்லைங்க. எங்களுக்காக நீங்க கொடுத்த டிப்ஸை ஒரு ரூபாய்கூடத் தொடாம, உங்க கண்ணு முன்னாடியே எங்ககிட்டக் கொடுக்கணும்னு தோள்ல மாட்டியிருக்கிற அந்தப் பையிலேயே பத்திரமா வெச்சிருக்காரு. எல்லாரும் வாங்கப்பா, வரிசையில நில்லுங்க!"

சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் ஓடிவந்து நின்றார்கள். பயணிகள் கைதட்டினார்கள். கனகசபாபதிக்கு வேறு வழியில்லை. பையைத் திறந்து, மடித்த நோட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் வைத்தார்.

ரெமிஜியஸின் முறை வந்தபோது பல்லைக் கடித்தார். "இதுக்குப் பேர் புகழ்றதாடா?"

"போதலையா சார்? மைக் என் கையிலதான் இருக்கு" என்றான் அவன்.