மணிக்கட்டை மடக்கினால் பிடி ஏன் தளர்கிறது

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உடம்பிலுள்ள தசை நீண்டு கிடந்தாலும் சுருங்கிக் கிடந்தாலும் அதன் பலம் மாறாது. புலி நின்ற நிலையிலேயே பாய்ந்தது. தவளை காலை நீட்டிப் படுத்தபடியே எம்பிக் குதித்தது. கிளையில் தொங்குகிறவர்கள் கையை முழுக்க நீட்டியிருந்தாலும், மோவாய் கிளையில் இடிக்கும் அளவுக்கு மடக்கியிருந்தாலும் அதே பலத்தோடு மேலே ஏறினார்கள். யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

எல்லோருடைய உடம்புக்கும் தசை திரித்துக் கொடுத்தவள் நாரம்மை. அருவிக்குப் பின்னால் ஒரு குகையில் இருந்தாள். கோபக்காரி. வேலை நடுவே பேச்சுக் கொடுத்தால் திரிப்புப் பிசகிவிடும் என்று எல்லோரையும் விரட்டுவாள். ஆமைக்குத் தசை திரித்த அன்றைக்கு யாரோ பேச்சுக் கொடுத்துவிட்டதாகக் காட்டில் ஒரு பேச்சு உண்டு.

அந்தக் காட்டில் முறுக்கன் என்று ஒரு கடுவன் குரங்கு இருந்தது. அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை. யாராவது எதையாவது விடாமல் பற்றிக்கொண்டால், பார்ப்பவர்கள் "உடும்புப்பிடி" என்றார்கள். ஏன் உடும்பு? ஒரு பாறையைக் கவ்விக்கொண்டு நாள்முழுக்கச் சும்மா கிடப்பதில் என்ன சாமர்த்தியம்? இதையே நினைத்து நினைத்து, கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கப் பழகினான். ஒருமுறை காட்டெருமையின் வாலைப் பிடித்துவிட்டு இரண்டு மலை தாண்டிப் போய்விட்டான். அவன் மனைவி செவந்திதான் தேடிப்போய்க் கூட்டி வந்தாள். அதற்குப் பிறகும் எல்லோரும் உடும்புப்பிடி என்றுதான் சொன்னார்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஆறு மணலாயிற்று, குளம் சேறாயிற்று, அப்புறம் சேறும் வெடித்தது. மலைச்சரிவில் ஒரு பாறையிலிருந்த சின்னத் துளை ஒன்றில் மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு மூங்கில் நுழையும் அளவுதான் துளை. காடு முழுக்க வரிசையில் நின்று அதில் குடித்தது. மனிதர்களும் குடத்தோடு வந்து நின்றார்கள். புலிக்கு முன்னால் மான் நின்றது. அவ்வளவு தாகம்.

முறுக்கனின் முறை வந்தபோது அவன் குடிக்கவில்லை. துளைக்குள் எட்டிப் பார்த்தான். மேலே இருந்த விரிசல் வழியாக விழுந்த காட்டு மாங்காய் ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. கையை விட்டுப் பிடித்தான். விரித்த கை உள்ளே போயிற்று, மாங்காயோடு மூடிய கை வெளியே வரவில்லை. அவனுடைய மயிரடர்ந்த முன்கை துளையில் தக்கைபோல அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்றுபோயிற்று.

"ஏங்க, அதை விட்டுட்டுக் கையை எடுங்க" என்றாள் செவந்தி.

"பிடிச்சதை நான் எப்பவாவது விட்டிருக்கேனா?"

"அதுதான் எனக்குத் தெரியுமே. இத்தனை பேர் பின்னால நிக்கிறாங்க."

நின்றவர்களை முறுக்கன் திரும்பிப் பார்த்தான். காடு முழுக்கத் தன் பிடியையே பார்த்துக்கொண்டு நிற்பதாக அவனுக்குத் தோன்றியது. இன்னும் இறுக்கிக்கொண்டான்.

யானைக் கூட்டத்துத் தலைவி வந்து, அவன் இடுப்பைத் துதிக்கையால் சுற்றி இழுத்தாள். முறுக்கன் கொடிபோல நீண்டான். பிடி தளரவில்லை. கரடி வந்து அவனைப் பாறையோடு பாறையாக அழுத்திப் பார்த்தது. முறுக்கன் சுருண்டான், பிடி தளரவில்லை. நீட்டினாலும் சுருக்கினாலும் ஒரே பலம் என்றால் என்ன செய்ய முடியும்? "கையைக் கடிச்சு எடுத்திரலாமா?" என்று கரடி செவந்தியிடம் மரியாதையாகக் கேட்டது. செவந்தி கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள்.

மறுநாள் உடும்பே நேரில் வந்தது.

"தம்பி, ஒத்துக்கிறேன். உன் பிடிதான் பெருசு. இனிமே எல்லாரும் குரங்குப்பிடின்னே சொல்லட்டும். கையை எடு."

முறுக்கன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "நான் விட்ட உடனே, பாத்தீங்களா விட்டுட்டான்னு சொல்லுவே."

உடும்பு வாலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. உண்மையில் அப்படித்தான் சொல்வதாக இருந்தது.

அன்று உச்சிப்பொழுதில், பிறந்து நான்கே நாளான மான்குட்டி ஒன்று கால் மடிந்து விழுந்தது. அதன் தாய் காய்ந்த நாக்கால் அதை நக்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் செவந்தி எழுந்தாள். நேரே வற்றிப்போன அருவியைத் தாண்டிக் குகைக்குள் போனாள். என்ன சொன்னாளோ, திரித்துக்கொண்டிருந்த நாரை அப்படியே போட்டுவிட்டு நாரம்மை எழுந்து வந்தாள்.

வந்தவள் முறுக்கனின் முன்கையை அமுக்கிப் பார்த்தாள். "விரலை மூடுற தசை விரல்ல இல்லை. இங்க, முன்கையிலதான் இருக்கு. நான் வச்சதுதானே, எனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு தன் இரண்டு கைவிரல்களையும் எதிரெதிரே நீட்டி, ஒன்றுக்குள் ஒன்று பாதி நுழைத்துக் காட்டினாள்.

"உள்ளே ரெண்டு வரிசை இழை இருக்கு. ஒண்ணையொண்ணு கொக்கி போட்டு இழுக்கும். இப்ப எங்க இருந்தாலும் கொக்கி மாட்டுது. அதை மாத்தப் போறேன். ரொம்ப நீட்டிட்டா வரிசை விலகிப் போயிரும், கொக்கி மாட்டாது. ரொம்பச் சுருக்கிட்டா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நெரிசலாயிரும், இழுக்க இடமிருக்காது. நடுவாந்தரமா இருந்தா மட்டும்தான் முழுப் பலம்."

"எனக்கு மட்டுமா?" என்று கேட்டான் முறுக்கன்.

"தண்ணியை அடைச்சது நீ மட்டும்தானே."

முறுக்கன் யோசித்தான். நாளைக்கு உடும்பு வழக்கம்போலப் பாறையில் தொங்கும், தான் மட்டும் கிளையிலிருந்து நழுவி விழ வேண்டும். சும்மா இருந்த இன்னொரு கையால் நாரம்மையின் முந்தானையை எட்டிப் பிடித்தான்.

"செஞ்சா எல்லாருக்கும் செய்யணும். புலி, யானை, மனுஷன், தவளை, எல்லாருக்கும். இல்லேன்னா இதையும் விடமாட்டேன்."

நாரம்மை இழுத்துப் பார்த்தாள். அவள் திரித்த தசை, அவள் நினைத்தாலும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க?"

"தண்ணி வந்தாப் போதும்மா" என்றது தாய்மான். புலி நாக்கைத் தொங்கப்போட்டபடி, என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல் தலையாட்டியது. குடத்தோடு நின்ற மனிதர்களும் ஆட்டினார்கள்.

நாரம்மை பாறைமேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். காட்டிலுள்ள அத்தனை உடம்பிலும் தோலுக்கடியில் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

எல்லோரும் துளையைப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை. முறுக்கன் பிடித்தது பிடித்தபடியே நின்றான்.

"நேத்தைவிட நல்லாவே பிடிக்க முடியுது" என்றான்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வேலையில் ஏதோ பிசகிவிட்டது, யார் பேச்சுக் கொடுத்தது என்று கரடி விசாரிக்கத் தொடங்கியது. நாரம்மையின் முகம் சிவந்தது. செவந்தி மட்டும் கணவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு நேராக இருந்தது. தசை நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை, நடுவாந்தரமாக இருந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டு, அவன் முழங்கையைத் தோளால் முட்டித் தள்ளினாள். உள்ளே கை பாறையில் முட்டிக்கொண்டு நின்றது, முன்கை இன்னும் உள்ளே போயிற்று, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியது. விரலை மூடும் தசை சுருங்கிச் சுருங்கி, இழுக்க இடமில்லாமல் போயிற்று.

முறுக்கன் முகத்தில் முதலில் ஆச்சரியம்தான் வந்தது. பல்லைக் கடித்தான், கண்ணை மூடினான். விரல்கள் அவனைக் கேட்காமலே ஒவ்வொன்றாகத் திறந்தன. மாங்காய் நழுவியது. இரண்டு நாள் தேங்கியிருந்த தண்ணீர் கையை வெளியே தள்ளிக்கொண்டு பீறிட்டது. முறுக்கன் நாரம்மையின் முந்தானையோடு சேற்றில் போய் உட்கார்ந்தான். அவள் குனிந்து அவனுடைய இன்னொரு மணிக்கட்டையும் மடக்கி, முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

முதலில் மான்குட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அது தும்மிவிட்டு எழுந்து நின்றது. அதன் பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள். முறுக்கன் கடைசியில் போய் நின்றான், யாரும் அவனை முன்னால் விடவும் இல்லை.

வயிறு நிறையக் குடித்த புலி, பழைய பழக்கத்தில் நின்றபடியே பாறைமேல் பாய்ந்தது. பாதி தூரம்கூடப் போகாமல் சேற்றில் விழுந்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தது. எல்லோரும் மும்முரமாகத் தண்ணீர் குடித்தார்கள். இரண்டாம் தடவை கால்களை அளவாக மடக்கி, உடம்பைத் தாழ்த்திப் பாய்ந்தபோது மேலே போய்ச் சேர்ந்தது. தவளைக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

யானைத் தலைவி நாரம்மையிடம் போய், எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டாள்.

"காடு முழுக்கத் தலையாட்டினப்பவே யோசிச்சுப் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் குகைக்குப் போய்விட்டாள்.

புலி பாயும் முன் உடம்பைத் தாழ்த்துவதும், தவளை எப்போதும் காலை மடக்கியே உட்கார்ந்திருப்பதும் அந்தக் கோடையில் தொடங்கியவைதான். ஒரு பொருளை எத்தனை இறுக்கிப் பிடித்திருந்தாலும், எவ்வளவு பெரிய பிடிவாதக்காரராக இருந்தாலும், மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிவிட்டால் விரல்கள் தாமாகத் தளர்ந்து போகின்றனவே, அதுவும் அன்று முதல்தான்.