மூணு கார்த்திகை வெட்டாத மல்லிகை

உக்காருங்க. காலை நீட்டிக்கிட்டாலும் சரிதான், கதைக்கு ஒண்ணும் வலிக்காது. ராஜாவுக்கு மீசையும் வியாபாரிக்கு வயிறும் வரி இல்லாம வளந்த காலத்துல நடந்தது இது.

கடலோரமா ஒரு பட்டணம். அங்க ஆவுடையப்பன்னு ஒரு மிளகு வியாபாரி. வீடு பெருசு, தோட்டம் அதைவிடப் பெருசு. தோட்டத்துல நூறு செடி இருந்தாலும் அவர் மனைவி கோமதிக்கு ஒரே ஒரு செடிதான் செடி. வாசல் பக்கம் அவங்க கையால நட்ட மல்லிகை.

பங்குனி பொறந்தா அந்தச் செடி பூக்குற பூப்புல, தெருவுல போறவன் சண்டைய மறந்துட்டு மூக்கத் தூக்கிக்கிட்டு நிப்பான். "என் மக உலகம்மை கழுத்துல தாலி ஏறுற அன்னிக்கு அவ தலையில இந்தப் பூதான் இருக்கணும்"னு கோமதி சொல்லாத நாள் கிடையாது.

அந்தச் செடியப் பாத்துக்கிட்டது சுடலைமுத்துன்னு ஒரு தோட்டக்காரர். பன்னெண்டு வருசமா அந்த வீட்டுல வேலை. கார்த்திகை மாசம் பொறந்ததும் அருவாளோட வந்து, செடிய முட்டளவுக்கு வெட்டி, மிச்ச எலையவும் உருவிட்டு, தண்ணியையும் நிறுத்திருவாரு. பாக்கவே பரிதாபமா, நாலு குச்சி நட்டு வெச்ச மாதிரி நிக்கும். அப்பதான் பங்குனியில அது வெடிச்சுப் பூக்கும்.

இதுல ஒரு விசயம். ஆவுடையப்பன் கார்த்திகையில மிளகு வாங்க மலைக்குப் போனா, மாசி முடிஞ்சுதான் வீட்டுக்கு வருவாரு. பூத்த செடியத்தான் அவர் பாத்திருக்காரு. மொட்டையா நின்ன செடிய ஒரு நாளும் பாத்ததில்ல.

ஒரு ஐப்பசி மாசம் கோமதிக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒம்பது நாள். தண்ணி தண்ணின்னு கேட்டாங்க. சோறு எறங்கலை. ஒடம்பு எரியுதுன்னு அழுதாங்க. ஆவுடையப்பன் அந்த ஒம்பது நாளும் துறைமுகத்துல மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தாரு. காய்ச்சல்தானே, போயிரும்னு நெனைச்சாரு.

போயிருச்சு. கோமதியும் போயிட்டாங்க.

அந்த வருசத்துலேர்ந்து அவர் மலைக்குப் போகலை. கார்த்திகை பொறந்துச்சு. சுடலைமுத்து வந்தாரு.

"கையில என்ன சொடலை?"

"அருவா மொதலாளி. அம்மா செடிய வெட்டணும்."

"அவ போயி இன்னும் முப்பது நாள் ஆகலை. அவ செடிக்கும் அருவாள் தூக்கிட்டியா? சம்பளம் குடுக்குறது நானா, எமனா?"

"அதில்ல மொதலாளி, வருசா வருசம்..."

"வேலையும் வேண்டாம், நீயும் வேண்டாம். வெளிய போ."

மக உலகம்மை ஓடி வந்தா. "அப்பா, அம்மா இருக்கும்போதே அவர் வெட்டுவாருப்பா. அம்மாவே பக்கத்துல நிப்பாங்க."

"நான் ஊர்ல இல்லாத தைரியம். இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

அன்னியிலேர்ந்து தோட்டத்துக்கு அவரே தோட்டக்காரர். மிளகுல ஈரம் இருக்கான்னு மோந்து பாத்தே சொல்ற ஆளு, மண்ணுல ஈரம் இருக்கான்னு பாக்கத் தெரியாம எறங்கிட்டாரு.

மொத வருசம், தண்ணி. காலையில ஒரு குடம், மத்தியானம் ஒரு குடம், சாயந்தரம் ஒரு குடம். மழை பேஞ்சாலும் ஊத்துவாரு. வானம் ஒரு பக்கம் ஊத்துது, இவர் ஒரு பக்கம் ஊத்துறாரு, நடுவுல செடி நீச்சல் தெரியாம நிக்குது. கேட்டா, "அவ கடைசியா தண்ணிதான் கேட்டா"ம்பாரு.

பங்குனியில கூடை கூடையா வர்ற பூ, அந்தத் தடவ ரெண்டு கை அளவுதான் வந்துச்சு.

அடுத்த கார்த்திகை. சுடலைமுத்து கூப்பிடாமலே வந்தாரு. வேலை போனாலும் கால் நிக்கலை போல.

"செடி எப்படித் தழதழன்னு இருக்கு பாத்தீங்களா மொதலாளி? ஆட்டுக்குன்னா இதுதான் விருந்து. உங்களுக்குப் பூ வேணும்னா வெட்டணும்."

"மேய வந்த ஆடு நீதான். கெளம்பு."

ரெண்டாவது வருசம், சாப்பாடு. பச்சைச் சாணிய அள்ளி அள்ளித் தூருல கொட்டுனாரு. பால் ஊத்துனாரு. ஊர்ல பாதிக் கொழந்தைக்குக் கெடைக்காத பாலு அந்தச் செடிக்குக் கெடைச்சுச்சு. குடிச்சது என்னமோ எறும்புதான். "அவ ஒம்பது நாள் பட்டினி கெடந்தா"ன்னு சொல்லிக்கிட்டே ஊத்துவாரு.

பூ ஒரு கை அளவு.

மூணாவது வருசம், நெழலு. செடிக்கு மேல கீத்துப் பந்தல் போட்டாரு. "ஒடம்பு எரியுதுன்னு அழுதா, இது மேலயாவது வெயில் படக்கூடாது." எல வெளிற ஆரம்பிச்சுச்சு.

மூணாவது கார்த்திகையும் வந்துச்சு. சுடலைமுத்து வெறுங்கையோட வந்தாரு.

"அருவா கொண்டாரலை மொதலாளி. பந்தலையாவது பிரிங்க. மல்லி வெயில் குடிக்கிற செடி. மூச்சு முட்டிச் செத்துரும்."

"ஊர்ல எத்தனை செடி இருக்கு? உன் கண்ணு ஏன் இது மேலயே?"

"என் கையால வளந்தது."

"கோமதி கையால வளந்தது."

"நட்டது அம்மா கைதான். பன்னெண்டு வருசம் வெட்டுனது என் கை."

வெட்டுனதுன்னு காதுல விழுந்ததும் ஆவுடையப்பன் கதவச் சாத்திட்டாரு. கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் கேக்கலை. அப்புறம் கேட்டுச்சு. தூரமாப் போச்சு.

தை மாசம் உலகம்மைக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஊரு, கப்பல்ல மூணு நாள். பங்குனியில முகூர்த்தம். மாசி நடுவுல ஆவுடையப்பன் ஓடிப்போய் செடியப் பாத்தாரு. எல மஞ்சளா இருக்கு. கிளை தொட்டா ஒடியுது. எண்ணிப் பாத்தாரு. ஏழே ஏழு அரும்பு.

மாசிக் கடைசியில, வாழ்க்கையிலயே மொத தடவையா, அவர் சுடலைமுத்து வீட்டு வாசல்ல போய் நின்னாரு. மூணு தடவ தொரத்துன வாய், வான்னு ஒரு எழுத்தத் தேடிக்கிட்டு இருந்துச்சு. சுடலைமுத்து அருவாளையும் மம்பட்டியையும் எடுத்துக்கிட்டு முன்னால நடந்தாரு.

வந்ததும் பந்தலப் பிரிச்சாரு. தூர்ல விரல விட்டு மண்ண எடுத்து மோந்தாரு. அந்த மண்ண ஆவுடையப்பன் மூக்குக்கிட்ட நீட்டுனாரு. அழுகுன நாத்தம்.

"பாதி வேர் போயிருச்சு மொதலாளி. ரெண்டு வழிதான் இருக்கு. இப்படியே விட்டா ஏழு அரும்பும் கல்யாணத்தன்னிக்கு விரியும், சித்திர வெயில்ல செடி செத்துரும். இன்னிக்கு அழுகுன வேரக் கழிச்சு, மேல முட்டளவுக்கு வெட்டுனா, ஒருவேளை பொழைக்கும். ஆனா கல்யாணத்துக்குப் பூ இல்ல."

"ரெண்டும் வேணும் சொடலை."

"ரெண்டும் மூணு கார்த்திகைக்கு முன்னாடி இருந்துச்சு."

ஆவுடையப்பன் மகளப் பாத்தாரு. "உங்கம்மா சொன்ன வாக்கும்மா. ஏழு பூவாச்சும் நீ வெச்சுக்கிட்டுப் போ."

உலகம்மை அந்த ஏழு அரும்பையும் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தா. "அம்மா செடியக் கொன்னு அம்மா பூவ வெச்சுக்கிட்டா, அது எந்தத் தலையிலப்பா நிக்கும்? அண்ணாச்சி, வெட்டுங்க."

"மொதலாளி சொல்லணும் தாயி," சுடலைமுத்து அருவாளத் தூக்கலை. "செடி அவரு செடி."

அப்புறம் ஆவுடையப்பன் குனிஞ்சு, கிளைய ஒண்ணா அள்ளிப் புடிச்சுக்கிட்டாரு, காய்ச்சல்காரிக்குத் தலை பின்ன முடியப் புடிக்கிற மாதிரி. "வெட்டு"ன்னாரு. சத்தமே வரலை. சுடலைமுத்து அவர் ஒதட்டப் பாத்துத்தான் வெட்டுனாரு.

கல்யாணம் நடந்துச்சு. உலகம்மை தலையில சந்தையில வாங்குன பூ. வாசம் இருந்துச்சு, ஆனா அது யார் வீட்டு வாசமோ. போகும்போது வாசல்ல நின்ன நாலு குச்சியையும் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுக் கப்பல் ஏறிட்டா.

அன்னிக்கே ஆவுடையப்பன் சொன்னாரு: "சொடலை, இனிமே தோட்டம் உன் பொறுப்பு. நான் குறுக்க வந்தா என்னையும் வெட்டு."

"உங்கள வெட்டுனா பூக்க மாட்டீங்க மொதலாளி"ன்னு சுடலைமுத்து சொன்னாரு. மூணு வருசத்துல அந்த வீட்டுல கேட்ட மொத சிரிப்பு அது. அரைச் சிரிப்புதான்.

செடி பொழைச்சுச்சு. தண்ணி வேண்டிய அன்னிக்குத் தண்ணி, வேண்டாத அன்னிக்கு வெறும் வெயிலு. கார்த்திகையில சுடலைமுத்து வெட்டுனாரு, ஆவுடையப்பன் பக்கத்துல நின்னு பாத்தாரு. பங்குனியில பழையபடி வெடிச்சுப் பூத்துச்சு. தெருவே மூக்கத் தூக்குச்சு.

ஒரு கூடை நெறையப் பறிச்சுக்கிட்டு ஆவுடையப்பன் சாயந்தரம் துறைமுகத்துக்குப் போனாரு. மக வீட்டுக்கு மூணு நாள் பயணம். மல்லிகைக்கு ஆயுசு ஒரு ராத்திரி. எந்தக் கப்பல்காரன்கிட்டயும் குடுக்க முடியாது. வீட்டுலயும் வெச்சுக்க ஒரு தலை இல்ல.

வாசமாவது போகட்டும்னு கரையில நின்னு கூடையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாரு. காத்து கடல்லேர்ந்து ஊரப் பாத்துத்தான் அடிச்சுது.

கேட்டீங்களா? செடி மேல எவ்வளவு பாசம் வெச்சிருந்தாலும், வளக்கத் தெரிஞ்ச கையில அதக் காலத்தோட குடுக்கலைன்னா, அந்தப் பாசமே அதக் கொன்னுரும்.