நடுக்கயிற்றில் தாடியப்பன்

காட்டுக்குள் அல்லிக்குளத்துக் கரையில் எங்கள் சர்க்கஸ் வந்து இறங்கியது. எங்கள் என்றால் ஒரு கிளி, ஒரு கரடி, ஒரு மந்தி, ஒரு ஆடு, அப்புறம் நான். நான் வண்டி இழுக்கிற கழுதை. வெளியாட்கள் யாராவது கேட்டால் மட்டும், "போக்குவரத்து எல்லாம் நம்ம பொறுப்பு!" என்பேன்.

கிளி பவளமூக்கன்தான் அறிவிப்பாளர். "ஏழு காடு சுற்றிய கம்பெனி!" என்று கத்துவான். நாங்கள் சுற்றியது இரண்டே காடு. அதிலும் ஒன்றில் எங்களைத் துரத்திவிட்டார்கள். கரடி பம்பையன் மேளம் அடிப்பான். கல்யாணமோ கருமாதியோ, அவனுக்கு ஒரே தாளம்தான்.

உருப்படியாக வித்தை தெரிந்தவள் மந்தி சொக்காயி ஒருத்திதான். கயிற்றில் நடப்பாள். பாதி வழியில் நின்று, "ஐயோ, விழுறேனே! காப்பாத்துங்க!" என்று பொய்யாக அலறுவாள். அப்போது நாங்கள் யாரும் அசையக் கூடாது. கரடி இன்னும் வேகமாக மேளம் அடிக்க வேண்டும். அது எங்கள் சர்க்கஸ் சட்டம். கூட்டம் பதறும். அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்ச் சேருவாள்.

ஆடு தாடியப்பனுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. கூடவே வருவான், கூடவே சாப்பிடுவான். சாப்பிட்டு முடித்ததும் தாடியை ஆட்டிக்கொண்டு, "கயித்துல நடக்கிறதெல்லாம் ஒரு வித்தையா? நான் மதில் மேல ஓடினவன்!" என்பான். நாங்களும் நம்பினோம். சந்தேகம் வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்; அளப்பதில் நாங்கள் மட்டும் குறைந்தவர்களா என்ன!

அன்று ஆட்டத்துக்கு முன்னால் வண்டி பள்ளத்தில் இறங்கி, சொக்காயிக்குக் கால் பிசகிவிட்டது. வண்டியைப் பள்ளத்தில் விட்டது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதற்குள் முயலும் மானுமாகக் கூட்டம் நிரம்பிவிட்டது. கயிறு கட்டத் தோதான இரண்டு மரங்களும் குளத்துக்கு இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக நின்றன. கயிறு குளத்துக்கு மேலேதான் போனது. குளத்து முதலை அதற்கு நேர் கீழே வந்து படுத்துக்கொண்டது.

"எனக்கு இந்த இடமே போதும். நல்லாத் தெரியுது!" என்றது முதலை.

பவளமூக்கன் ஆட்டிடம் பறந்து வந்தான். "தாடியப்பா, மதில் மேல ஓடினவன் நீதானே? ஏறு!"

"மதில்... கொஞ்சம் அகலமா இருக்கும்."

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. ஆட்டத்தை நிறுத்திடலாம்."

"முடியாதா? எனக்கா? தள்ளிப் போடா!" என்று ஏறிவிட்டான் தாடியப்பன்.

பாதிக் கயிறு வரைக்கும் எப்படிப் போனான் என்பது அவனுக்கே தெரியாது. அங்கே நின்று கீழே பார்த்தான். முதலை மேலே பார்த்தது. நான்கு கால்களும் நடுங்க ஆரம்பித்தன.

"ஐயோ, விழுறேனே! காப்பாத்துங்க!"

கூட்டம் பதறியது. பம்பையன் சட்டப்படி மேளத்தை வேகமாக அடித்தான். நானும் சட்டப்படி அசையவில்லை. "பயல் பிரமாதமா நடிக்கிறானே!" என்று காதை ஆட்டி ரசித்தேன். சொக்காயிக்கு வயிற்றெரிச்சல். "நான்கூட இப்படி நடுங்கினதில்லையே!" என்று முணுமுணுத்தாள்.

"நிஜமாவே விழப் போறேன்டா!"

"அடடா, புது வசனம்!" என்றான் பவளமூக்கன்.

பின்னங்கால் ஒன்று வழுக்கியது. முதலை வாயைத் திறந்தது. தாடியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான்: "எனக்கு இது தெரியாது! கயித்துல நடக்கத் தெரியவே தெரியாது! சொன்னதெல்லாம் அளப்பு!"

மேளம் சட்டென்று நின்றது. எங்கள் கம்பெனியில் நடிப்புக்குக்கூட யாரும் 'தெரியாது' என்று சொன்னதில்லை. அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு உறைத்தது.

"அடப்பாவி, நிஜமாவா!" என்று சொக்காயி பாய்ந்தாள். கால்தானே பிசகியது, கை இருந்ததே! கயிற்றில் கையால் தொங்கித் தொங்கிப் போனாள். "வயித்தைக் கயித்து மேல போட்டுப் படு! மூச்சு விடாதே!" என்று அதட்டி, கொம்பைப் பிடித்து இழுத்து இழுத்துக் கரை சேர்த்தாள். முதலை சலிப்போடு வாயை மூடிக்கொண்டது.

கரையில் கிடந்த தாடியப்பன் பக்கத்தில் போனேன். "ஏன்டா, இதை ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"வெட்கமா இருந்துச்சுண்ணே."

"இப்போ?"

"இப்பவும் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா வெட்கப்பட உசுராவது மிச்சம் இருக்கே!" என்று சொல்லி ஓவென்று அழுதான்.

தெரியாததைத் தெரியாது என்று தரையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் கொஞ்சம் வெட்கத்தோடு போய்விடும். ஏறிய பிறகு சொன்னால், அது அடுத்தவர் காதில் விழுவதற்குள் உயிரே போய்விடலாம்.