குரங்கு சொல்லாமல் விட்ட கீரி

ஓடைக்கரை மூங்கில் காட்டில் ஒரு குரங்கு இருந்தது. கால் முறிந்த விலங்குகளுக்கு மூங்கில் பத்தை வைத்து நாரால் கட்டுவது அதன் வேலை.

"என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் துள்ளி ஓடுகிறார்கள்!" என்று கிளைக்குக் கிளை தாவிச் சொல்லித் திரிந்தது.

ஒருநாள் புள்ளிமானின் குட்டி பாறையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டது. தாய்மான் பதறிப்போய்க் குரங்கைக் கூட்டிவந்தது.

"கவலையை விடு, மானக்கா! காட்டுப்பன்றிக்குக் கட்டினேன், ஓடுகிறது. வரையாட்டுக்குக் கட்டினேன், மலை ஏறுகிறது!"

"கட்டிக்கொண்ட எல்லோருக்குமே குணமானதா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "கீரி மட்டும் பாதியில் அவிழ்த்துவிட்டான். அவனை எப்படிச் சேர்த்துச் சொல்வது?"

"ஏன் அவிழ்த்தான்?"

"நான் கேட்கவில்லையே!"

தாய்மான் நேரே கீரியின் வளைக்கு ஓடியது. கீரி நொண்டிக்கொண்டே வெளியே வந்தது. கட்டை ஏன் அவிழ்த்தாய் என்று தாய்மான் கேட்டது.

"நீயாவது கேட்டாயே! மழையில் நார் நனைந்து இறுகிவிட்டது. பாதம் வீங்கி நீலம் பாரித்தது. வலி பொறுக்காமல் நாரைக் கடித்து அறுத்தேன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது."

தாய்மான் திரும்பி வந்து, கேட்டதை அப்படியே சொன்னது. குரங்கின் முகம் வாடியது.

"நார் இறுகும் என்று எனக்குத் தெரியாது, அக்கா. கீரியிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும்!"

"இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? என் பிள்ளைக்குக் கட்டு. ஆனால் நனைந்தால் என்ன செய்வது என்றும் சொல்!"

"நனைந்தால் உடனே கூப்பிடு. நான் வந்து மாற்றிவிடுகிறேன்."

குரங்கு பத்தை வைத்துப் பதமாகக் கட்டியது. மறுநாள் மத்தியானமே மழை கொட்டியது. "அம்மா, கால் விறுவிறுக்கிறது!" என்று குட்டி அலறியது. தாய்மான் குரல் கொடுத்ததும் குரங்கு சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓடிவந்தது. ஈர நாரை அவிழ்த்தது. குட்டியைப் பக்கத்துக் குகைக்குள் தூக்கிப்போய்க் காய்ந்த நாரால் தளர்த்திக் கட்டியது.

மூவரும் காத்திருந்தார்கள். குட்டி குளம்பை மெல்ல அசைத்தது.

"இப்போது வலிக்கவில்லை, அம்மா!"

தாய்மான் குட்டியை நக்கி நக்கிக் கொஞ்சியது. "அப்பாடா!" என்று குரங்கு அங்கேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. அடுத்த அமாவாசைக்குள் குட்டி புல்வெளியில் தாயை முந்திக்கொண்டு ஓடியது.

ஒரு சிகிச்சையால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் அடுத்தவர் பிழைப்பார்.