சனிக்கிழமை சொன்ன பாவம்

எங்கள் கடற்கரை ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் வேண்டுமா? ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வரும் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். பங்குச்சாமியார் ஞானாதிக்கம் போட்ட சட்டம் அது. ஞாயிறு பூசையில் கோயில் கொள்ளாத கூட்டம். யார் வந்தார், யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

பள்ளிச் சேர்க்கை நேர்முகத்துக்கு முந்தின சனிக்கிழமை, மீன்காரி சலேத்து தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார்.

"ஞாயிறு பூசைக்கு நான் வர்றதே இல்ல சாமி. அந்நேரம் டவுன் சந்தையில மீன் விக்கிறேன்."

முகம் தெரியாவிட்டால் என்ன? தெருத்தெருவாகக் கூவும் குரலாயிற்றே!

திங்கட்கிழமை மகளோடு போய் நின்றாள். "ஞாயிறு பூசைக்கு வருவீங்களாம்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியை சிஸ்டர் ஹில்டா.

சலேத்து வாயைத் திறப்பதற்குள், சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமியார் மேசையைத் தட்டினார். "இவளா? பூசை நேரத்துல டவுன் சந்தையில மீன் விக்கிறவ!"

"சாமிக்கு இதை யாரு சொன்னா?" என்று பணிவாகக் கேட்டாள் சலேத்து.

சிஸ்டரும் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தை அறுத்தாலும் சாமியார் வெளியே சொல்லக் கூடாது. அவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"யாரும் சொல்லல... நானா ஏதோ உளறிட்டேன். பிள்ளையச் சேத்துக்கோங்க சிஸ்டர்."

வாசல்வரை போன சலேத்து திரும்பினாள்.

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றேன் சாமி. அடுத்த வருஷம் சின்னவளுக்கும் ஆறாங்கிளாஸ்."