அஞ்சுகத்தின் தட்டு

தணிகாசலம் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எறும்புக்குக் கால் சுளுக்கினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். ஐம்பதைத் தாண்டியபின் பொம்மை வீட்டுக்குக் களிமண் பாத்திரம் செய்யும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. மகள் வயதுள்ள மேகலாவிடம் கற்றுக்கொள்ளப் போனார்.

மேகலாவிடம் ஒரு நிபந்தனை உண்டு. வருகிறவர் முதலில் தன் வீட்டுப் பாத்திரங்களை நக அளவில் செய்து காட்ட வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் சூளையில் வைக்க மாட்டாள். சூளைக்குப் போகாதவரை சிஷ்யர் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டாள்.

காய்ந்த பாத்திரங்களைத் தணிகாசலம் பலகையில் பரப்பினார். ஒடுங்கிய சொம்பு, பிடி ஆடும் கரண்டி, தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய, குமிழ் வைத்த மூடியோடு ஒரு சோற்றுப் பானை, வரிசையாகத் தட்டுகள். தட்டுகளின் விளிம்பில் ஊசியால் பெயர்கூட வெட்டியிருந்தார்.

மேகலா லென்ஸை வைத்துப் படித்தாள்.

"அஞ்சுகம். யாருங்கய்யா இது?"

"என் சம்சாரம் டீச்சர். எல்லாம் அவ கொண்டுவந்த சீர்."

மேகலா பொம்மைகளை எடுத்து உட்காரவைத்தாள். ஒரு அப்பா, ஒரு தாத்தா, இரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு தட்டு வைத்தாள். தட்டுகள் தீர்ந்தன. அம்மா பொம்மை அவள் கையிலேயே இருந்தது.

"இவங்களுக்கு?"

"அவ அப்புறமா சாப்பிடுவா."

"எதுல?"

தணிகாசலம் தட்டுகளை மறுபடி எண்ணினார்.

"ஏதாவது ஒரு தட்டுல சாப்பிடுவா டீச்சர்."

"பார்த்துட்டு வாங்க."

அன்று மதியம் சாப்பிட்டு எழுந்த தணிகாசலம், வழக்கம்போல் கட்டிலுக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றார். அஞ்சுகம் எச்சில் தட்டுகளை அள்ளித் தொட்டியில் போட்டாள். சோற்றுப் பானையைத் திறந்து, மூடியைத் தலைகீழாகத் திருப்பி இடது கையில் ஏந்தினாள். அதில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். ரசம் வழியாமல் சோற்றாலேயே ஒரு கரை கட்டிக்கொண்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

தணிகாசலம் ஒரு அடி உள்ளே வைத்தார்.

"என்னங்க, தண்ணி வேணுமா?"

"மூடியில ஏன் சாப்பிடுற?"

"தட்டெல்லாம் தேய்க்கப் போட்டாச்சே."

"எப்பயிலேர்ந்து இப்படி?"

"இதென்ன கேள்வி? வந்ததுலேர்ந்துதான்." அவள் சிரித்தாள். "போய்ப் படுங்க, கடை திறக்க நேரமாயிடும்."

அவர் படுத்தார். ஆனால் கண் மூடவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, இத்தனை வருஷம். கடையைத் திறக்காமல் களிமண்ணைப் பிசைந்தார்.

மறுநாள் மேகலாவின் முன் ஒரு புதுத் தட்டை வைத்தார். மற்ற தட்டுகளைவிட அகலமானது. விளிம்பு முழுக்க அரும்பு வேலை. நடுவில் அஞ்சுகத்தின் பெயர். செய்ததிலேயே அழகானது அதுதான்.

"மூடியில சாப்பிடுறா டீச்சர்," என்றார். "எனக்குத் தெரியவே தெரியாது. அதான் இதைச் செஞ்சேன்."

"இந்தத் தட்டு உங்க வீட்டுல இருக்கா?"

"இல்ல."

மேகலா அதை எடுத்துப் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் போட்டாள்.

"ஐயோ!" தணிகாசலம் பதறிப்போய் வாளிக்குள் கையை விட்டார். சுடாத மண். அரும்புகள் கரைந்தன, பெயர் கரைந்தது. விரலில் வெறும் சேறுதான் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.  மேகலா அம்மா பொம்மையை வரிசைக் கடைசியில் உட்காரவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தானே செய்த சோற்றுப் பானையின் மூடியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அந்தப் பொம்மையின் முன் வைத்தார்.

மூடி அதன் குமிழின் மேல் ஆடிச் சாய்ந்தது. நேராக்கி வைத்தார். மறுபடியும் சாய்ந்தது. கடிகாரச் சக்கரங்களைப் பொருத்தும் விரல்கள்தாம், ஆனாலும் முடியவில்லை.

"டீச்சர், இது கீழ இருக்க மாட்டேங்குது."

"அதனாலதாங்கய்யா, அவங்க இத்தனை வருஷமா உட்காரல."